எஸ்ஸுக்கு முன்னாலா, பின்னாலா

கரீபியன் கடலில் இருக்கும் எங்கள் கரியாக்கூ தீவில் ஒரு படகின் பெயரை அது கடலில் இறங்கும் நாள்வரை வெளியே சொல்லமாட்டார்கள். உரிமையாளருக்குத் தெரியும், பெயர் எழுதுகிறவனுக்குத் தெரியும். அவன் காதில் ரகசியமாக ஓதுவார்கள். எழுதி முடித்ததும் பின்பலகையைத் துணியால் மூடிவிட வேண்டும். தாளில் எழுதித் தரும் வழக்கம் கிடையாது. தாள் என்றால் யார் கண்ணிலாவது படும்.

இந்த ஏற்பாட்டில் இதுவரை ஒரு கோளாறும் வந்ததில்லை என்று படகு கட்டும் கேப்டன் ஆல்வின் பெருமையாகச் சொல்வார். இதுவரை யாரும் என்னை எழுத வைத்ததில்லை என்பது அவர் கணக்கில் வரவில்லை.

வழக்கமாக எழுதுகிறவர் கண் அறுவைக்குப் போயிருந்தார். நான் கல்லூரி விடுமுறையில் வந்திருந்தேன். புதுப் படகுக்குப் பெயர் எழுத யூலாலி அத்தை என்னை மடக்கினாள். "கென்ரிக், நீ இங்கிலீஷ்தானே படிக்கிறே? ரெண்டு வார்த்தை எழுதமாட்டியா?" சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதைப் பிடித்து இழுத்து, ரம் வாசனையோடு ஓதினாள்: "சிஸ்டர்ஸ் லக்."

காதுக்கு இதில் ஒரு சிக்கலும் இல்லை. சிக்கலெல்லாம் கண்ணுக்குத்தான். எழுதும்போது எஸ் என்ற எழுத்துக்குப் பக்கத்தில், அந்தரத்தில் ஒரு காற்புள்ளி தொங்க வேண்டும். எஸ்ஸுக்கு முன்னால் தொங்கினால் சகோதரியின் அதிர்ஷ்டம். பின்னால் தொங்கினால் சகோதரிகளின் அதிர்ஷ்டம். ஒரு சொட்டுப் பெயிண்ட் ஓர் அங்குலம் நகர்ந்தால் ஓர் ஆள் காணாமல் போய்விடுவாள். வாயால் சொன்னால் இரண்டும் ஒரே சத்தம்.

என் கை தானாக முன்னால் வைத்தது. எங்கள் ஊர்க் கடைப் பலகைகளில் எல்லாம் அது முன்னால்தான் இருக்கிறது. ரொட்டிக் கடைக்காரர் 'கேக்குகள் கிடைக்கும்' என்பதில்கூட, யாருக்கும் எதுவும் சொந்தமில்லாத இடத்தில், எஸ்ஸுக்கு முன்னால் ஒன்றை மாட்டிவைத்திருக்கிறார். அழகுக்காக இருக்கும்.

படகை இறக்கும் நாள் காலையிலேயே விண்ட்வர்ட் கடற்கரை நிரம்பிவிட்டது. அண்டாக்களில் சோளமாவுக் களி கொதித்தது, ஆட்டுக்கறி வெந்தது. ஐஸ் கட்டி போட்டால் மிதக்காமல் மூழ்கிவிடும் எங்கள் ரம், பெரியவர்களின் கையில் காப்பி மாதிரிச் சுற்றியது. மேளக்காரர்கள் ஒருபக்கம். பாதிரியார் தண்ணீர் தெளித்தார், கேப்டன் ரம் தெளித்தார். படகுக்கு ஞானத்தாயாக நின்ற பெண் துணியை உருவினாள்.

"சிஸ்டர்ஸ் லக்!" என்று கூட்டம் கத்தியது. கத்தியவர்களுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. கத்தினால் தெரியாது.

வாசித்தவள் ஒருத்திதான். அவ்ரில், யூலாலியின் தங்கை. இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டில் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தவள். வந்து இரண்டு வருடமாகிறது. இரண்டு வருடமாக ஊரே அவளிடம் "லீவு முடிஞ்சு எப்பப் போறே?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. அவள் பதிலே சொல்லாமல் இந்தப் படகின் பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் பதில்.

"எந்த சிஸ்டர்?" என்றாள் அவ்ரில்.

"என்னடி கேக்குறே?" என்றாள் யூலாலி.

"ஒருத்தின்னு போட்டிருக்குக்கா. ஒரே ஒருத்தி. அது யாருன்னு கேக்குறேன்."

கூட்டத்தில் ஒருவர் எட்டிப் பார்த்தார். "எங்கம்மா போட்டிருக்கு? எனக்கு எண்ணிக்கையே தெரியலையே."

எல்லோரும் ஆர்சுலா டீச்சரைப் பார்த்தார்கள். தீவில் பாதிப் பேருக்கு எழுத்து கற்றுக்கொடுத்தவர். கண்ணாடியை மாட்டினார், மூன்று அடி முன்னால் போனார், ஓர் அடி பின்னால் வந்தார்.

"ஒருத்திதான்" என்றார். "ரெண்டு பேர்னா புள்ளி எஸ்ஸுக்கு அந்தாண்டை போகணும். நம்ம சர்ச் தாய்மார் சங்கத்துக் கொடியைப் பாருங்க, கடைசியிலதான் இருக்கும். ஒரே ஒரு தாய் வச்சு யாராவது சங்கம் நடத்துவாங்களா? எவன் எழுதினது இது?"

நான் மேளத்தை ரசித்துக்கொண்டிருந்தேன். முதுகில் நாற்பது கண்கள் குத்தியதால் திரும்ப வேண்டியதாயிற்று. கல்லூரியில் கற்ற ஒரே உருப்படியான விஷயம், தப்பு செய்துவிட்டால் உதாரணம் காட்ட வேண்டும் என்பது.

"டீச்சர், மீனவர் சங்கத்துப் பலகையில 'ஃபிஷர்மென்ஸ்'னு எஸ்ஸுக்கு முன்னாலதான் இருக்கு. அங்க அறுபது பேர் இருக்காங்க."

"ஆமாமா, பையன் சொல்றது சரிதானே!" என்றார் மீனவர் சங்கச் செயலாளர். தன் சங்கத்தில் ஒருவர்தான் இருக்கிறாரோ என்ற பயம் அவர் முகத்தில் ஒரு நொடி வந்து போயிருந்தது.

"மேன் வேற, மென் வேற" என்றார் டீச்சர். "மென்னுன்னு சொன்ன உடனே அறுபது பேரும் உள்ள வந்துட்டான். அதுக்கப்புறம் எஸ் எதுக்கு? சொந்தம்னு காட்ட மட்டும்தான். சிஸ்டருக்கு அப்படி இல்ல. அவளைப் பலபேரா ஆக்குறதே அந்த எஸ்தான். ஆக்கி முடிக்கிறதுக்கு முன்னாடியே நீ புள்ளி வச்சுட்டே. ஒரு பொண்ணை வாசல்லயே நிறுத்திட்டே. உனக்கு நான் மார்க் போட்டேனா?"

"எண்பத்தி மூணு, டீச்சர்."

"தப்புப் பண்ணிட்டேன்" என்றார் அவர், தன்னைச் சொல்லிக்கொண்டு.

இதற்குள் அவ்ரில் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டிருந்தாள். மணலில் நடந்து போய், கவிழ்த்துப் போட்ட ஒரு சின்னப் படகின்மேல் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "ஒருத்தியோட படகை அந்த ஒருத்தியே இழுத்துக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள். அவள் கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. குரல் பஸ் நிறுத்தத்தின் பெயரை அறிவிப்பதுபோல் இருந்தது.

கேப்டன் ஆல்வின் தண்ணீரைப் பார்த்தார். "பன்னெண்டரைக்கு மேல ஏத்தத் தண்ணி இறங்கிடும். விட்டா அடுத்த பெரிய ஏத்தத்துக்கு இன்னும் பதினஞ்சு நாள். யூலாலி, என்ன செய்யணும்னு சொல்லு. அவ இல்லாம இறக்கிடவா?"

"அவ இல்லாம இது இறங்காது."

"இறங்கும். கட்டினவன் நான்."

"ஆல்வின், வாயை மூடு."

நான் பையிலிருந்து சுரண்டியை எடுத்தேன். "ரெண்டு நிமிஷம் அத்தை. முன்னால இருக்கறதைச் சுரண்டிட்டுப் பின்னால வச்சிடறேன்."

கேப்டன் என் கையைப் பிடித்தார். "துணி எடுத்தாச்சுடா. ஊரே பேரைச் சொல்லிக் கூப்பிட்டாச்சு. இனிமே தண்ணியைத் தொடுற வரைக்கும் பேர்ல ஒரு துளிகூடச் சுரண்டக்கூடாது. ஞானஸ்நானம் குடுத்த குழந்தைக்குக் காதை அறுப்பியா?"

"சுரண்டக்கூடாது" என்றாள் யூலாலி மெதுவாக. "சேர்க்கலாமா?"

கேப்டன் யோசித்தார். இப்படி ஒரு கேள்வி அவர் தாத்தாவிடம்கூட யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். "சேர்க்கக்கூடாதுன்னு எவனும் சொன்னதில்ல" என்றார் கடைசியில்.

யூலாலி என் பையிலிருந்து தூரிகையையும் டப்பாவையும் பிடுங்கி, சிவப்புப் பெயிண்டில் முக்கி, எஸ்ஸுக்குப் பின்னால் இன்னொரு புள்ளி வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அப்பினாள். இப்போது எஸ்ஸுக்கு இரண்டு பக்கமும் காது முளைத்திருந்தது.

ஆர்சுலா டீச்சர் நெஞ்சில் கை வைத்தார். "யூலாலி! இங்கிலீஷ்ல இப்படி ஒண்ணு கிடையாது!"

"எங்க அம்மாவுக்கு ரெண்டு பொண்ணு, டீச்சர். ஆளுக்கு ஒண்ணு" என்றாள் யூலாலி. பிறகு கடற்கரையே கேட்கும்படி கத்தினாள். "அவ்ரில்! இங்க வாடி! வந்து எண்ணிப் பாரு!"

அவ்ரில் திரும்பவில்லை. யூலாலி மறுபடி கத்தினாள். "தண்ணி இறங்குதுடி! உன் புள்ளி காயறதுக்குள்ள வா!"

'உன்' என்ற சொல்லுக்கு அவ்ரிலின் தலை திரும்பியது. எழுந்து வந்தாள். பலகைக்கு முன்னால் நின்றாள். இரண்டு புள்ளியையும் குனிந்து பார்த்தாள். அழப்போகிறாள் என்று பெண்கள் கைக்குட்டையைத் தயார் செய்தார்கள்.

"இதுல நான் எது, அக்கா?"

"பின்னால இருக்கறது."

"ஏன் நான் பின்னால?"

"நீ பின்னாலதானே பொறந்தே."

"முப்பத்தொரு வருஷம் நான் முன்சீட்ல உக்காந்தவ!"

"அதான் இப்பப் பின்னால வா. டீச்சரைக் கேளு, முன்னால இருக்கறது ஒருத்திதானாம். பின்னால இருக்கறதுதான் எல்லாரையும் சேத்துப் பிடிக்குதாம். நான் உனக்கு நல்லதைத்தான் குடுத்திருக்கேன், நாயே."

"அப்ப மாத்திக்கலாம், உனக்கு நல்லது வேணாமா?"

"கயிறைப் பிடிடி!"

பிடித்தாள். இருவரும் ஒரே கயிற்றில், ஒருத்தி முன்னால் ஒருத்தி பின்னால், அதற்கும் ஒரு சண்டை போட்டுக்கொண்டு. கோடாலிகள் முட்டுக்கட்டைகளை வெட்டின. படகு ஒருபக்கமாகச் சாய்ந்து உருளைகளின்மேல் படுத்தது. மேளம் வேகம் பிடித்தது, பாட்டு எடுத்துக் கொடுப்பவர் தொண்டை கிழியப் பாடினார், ஊர் மொத்தமும் இழுத்தது. ஆர்சுலா டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். பலகையைப் பார்க்காமல் இழுக்க அவருக்கு அது ஒன்றுதான் வழி.

பன்னிரண்டு இருபத்தைந்துக்குப் படகு தண்ணீரில் நிமிர்ந்தது. சகோதரிகள் இருவரும் இடுப்பளவு நனைந்து, ஏறி உட்கார்ந்து, ஊருக்குக் கையசைத்தார்கள். அப்போது அவ்ரில் பின்பக்கம் குனிந்து எட்டிப் பார்த்தாள். சாய்ந்து கிடந்தபோது ஈரப் பெயிண்ட் வழிந்து, பின்னால் இருந்த புள்ளிக்குக் கையளவு வால் முளைத்திருந்தது.

"அக்கா! என்னோடதுதான் பெருசு!"

"எங்க? காட்டு!" என்றாள் யூலாலி. எட்டிப் பார்த்தாள். பிறகு கரையை நோக்கிக் கத்தினாள்.

"டேய் கென்ரிக்! அந்தத் தூரிகையை இங்க தூக்கிப் போடுடா!"