மிதிக்கத் தெரியாத கால்

தெருப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அந்தச் சைக்கிள் கடைக்காரர்தான். அவர் பெற்ற மகளோ, ஆஸ்பத்திரியில் மூச்சுச் சோதனைக்கு வைத்திருந்த நகராத சைக்கிளில் உட்கார்ந்து, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றினாள். அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

பிறக்கும்போதே அவளுக்கு உணவுக்குழாய் பாதியில் நின்றுவிட்டிருந்தது. தொண்டைக்கும் வயிற்றுக்கும் தொடர்பே இல்லை. மறுநாளே நெஞ்சைத் திறந்து இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது சர்ஜன் சொன்னார்: "எதுவானாலும் மெதுவா." அவர் சொன்னது சாப்பாட்டை. இவர்கள் வீட்டில் அது நடைக்கும் படியேற்றத்துக்கும் சிரிப்புக்கும்கூடச் சட்டமாகிவிட்டது. பிள்ளை சற்று வேகமாக நடந்தால் போதும், தகரத்தைத் தட்டுவதுபோல ஓர் இருமல் கிளம்பும். பெற்றவளுக்குப் பாதி உயிர் போய்விடும். பொத்திப் பொத்தித்தான் வளர்த்தார்கள்.

"நுரையீரல் கொஞ்சம் மந்தம்தான். ஆனா சமாளிக்கும்," என்றார் டாக்டரம்மா, சோதனை முடிந்து மகளை வெளியே அனுப்பிய பிறகு. "கால்லதான் சத்தே இல்ல. பிள்ளைய ஓடியாட விடவே இல்லையா நீங்க?"

"சர்ஜன் மெதுவான்னு சொன்னாரும்மா..."

"அது சாப்பிடறதுக்குங்க."

ஒன்பது வருஷம். வியாதி விட்டுவைத்ததையும் தாங்களே பிடுங்கிக்கொண்டோமே என்று நினைத்தபடியே மகளை வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

சாயங்காலம் கடையிலிருந்த சின்னச் சைக்கிளின் சீட்டை இறக்கி, செயினுக்கு எண்ணெய் விட்டு, மகள் முன்னால் நிறுத்தினார்.

"ஏறும்மா. உன் இஷ்டத்துக்கு வேகமா ஓட்டு. இருமல் வந்தா வரட்டும்."

அவள் ஏறவில்லை. வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். எப்போதும் தடுக்கிற அம்மா இன்றைக்குத் தடுக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, போன தடவை எனக்குச் சாப்பாடு அடைச்சு ஆஸ்பத்திரியில இருந்தோமே, அப்ப பக்கத்துப் பெட் அண்ணனுக்கு, இனிமே எதையும் தடுக்காதீங்க, ஆசைப்பட்டதக் குடுங்கன்னு டாக்டர் சொன்னாங்கல்ல? ரெண்டு நாள்ல அந்த அண்ணன் செத்துட்டான். எனக்கும் அப்படிச் சொல்லிட்டாங்களா?"

அவர் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். "சேச்சே, அதெல்லாம் இல்லம்மா. உனக்கு ஒண்ணும் இல்ல. நீ நல்லாத்தான் இருக்கே."

"அந்த அண்ணன்கிட்டயும் அவங்கப்பா இதையேதான் சொன்னாங்க," என்றாள்.

பிறகு, அப்பா மனசு நோகக் கூடாதே என்று சீட்டில் ஏறி, பெடலில் காலை வைத்தாள்.