ஆன்ட்டிக்கு என்ன பிரச்சினை

திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்கெல்லாம் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் நீல நிற பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுவிடுவார்கள். நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்க வருகிறவர்கள் மேசையில் பெயர் கொடுத்து எண் சீட்டு வாங்க வேண்டும். பிறகு தொண்டூழியர் ஒருவர் கூப்பிட்டு உட்காரவைத்து, நம் குறையைக் கேட்டு, கணினியில் கடிதமாக அடிப்பார். உறுப்பினர் கையெழுத்துப் போட்டதும் அது உரிய அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து எப்படியும் ஒரு பதில் வரும். இந்த ஊரில் கோபத்தைக்கூட வரிசையில்தான் உட்காரவைப்பார்கள். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. வரிசை எனக்குப் பிடிக்கும்.

அன்று என் எண் நாற்பத்தேழு. பக்கத்தில் இருந்த அம்மாள் வாடகை வீட்டு விஷயமாக வந்திருந்தார்.

"உங்களுக்கு என்னா பிரச்சின?" என்று கேட்டார்.

"எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிரச்சினை வெளியே சொல்ல முடியாத அளவுக்குப் பெரியது போலிருக்கிறது என்று முடிவுகட்டி, பையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துக் கொடுத்தார்.

என் பெயர் குணமணி. வயது அறுபத்து மூன்று. சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டு ஆவணம் சரிபார்த்தவள். தாளில் ஓர் எழுத்து மாறினால் பெட்டி வேறு நாட்டுக்குப் போய்விடும். அதனால் யார் எழுதியதையும் நம்பாமல் ஒவ்வொரு தாளையும் நானே படிப்பேன். "மேடம் கடவுள் கையெழுத்துப் போட்டாலும் படிச்சுட்டுத்தான் அனுப்புவாங்க" என்று என் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி மெல்பர்னில் இருக்கிறான். தெம்பனிஸில் மூவறை வீடு, அதில் நான் மட்டும்.

ஓய்வு பெற்றதும் வெளிநாட்டுத் தொண்டூழியத் திட்டம் ஒன்றில் சேர்ந்து, வங்காளதேசத்தில் ஓர் ஆற்றுத் தீவுப் பள்ளிக்கூடத்தில் இரண்டு ஆண்டு கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். எட்டாம் வகுப்போடு நின்றிருந்த பள்ளி அது. எங்கள் திட்டம் ஆள் அனுப்பத் தொடங்கிய பிறகுதான் ஒன்பதும் பத்தும் வந்தன. ஆள் நின்றால் வகுப்பு நிற்கும். வகுப்பு நின்றால் பெண்பிள்ளைகள் கல்யாணத்துக்குப் போவார்கள், இல்லையென்றால் டாக்காவில் தையல் ஆலைக்குப் போவார்கள். இந்த ஆண்டு எட்டாம் வகுப்பில் பதினைந்து பெண்கள். நான் அங்கிருந்து கிளம்பியபோது ஆறாவது படித்துக்கொண்டிருந்தவர்கள். அத்தனை பேருடைய கையெழுத்தும் எனக்குத் தெரியும்.

செப்டம்பரில் செய்தி வந்தது. திட்டத்துக்கு அரசு தரும் மானியம் டிசம்பரோடு நிற்கலாம். திரும்பி வந்த தொண்டூழியர்கள் முப்பத்தெட்டுப் பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் ராஜீவ் என்பவர் எழுதினார்: ஒவ்வொருவரும் அவரவர் தொகுதியில் எண் எடுத்து உட்காருவோம், மானியத்தை நீட்டிக்கச் சொல்லிக் கேட்போம், முப்பத்தெட்டுக் கடிதம் வந்தால் அமைச்சு திரும்பிப் பார்க்காமலா போகும்? முப்பத்தெட்டுக் கட்டைவிரல்கள் உயர்ந்தன.

நான் போனேன். எண் சீட்டைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். முதல் வாரம் இருபது கட்டைவிரல். அடுத்த வாரம் ஒன்பது. ஐந்தாம் வாரம் ராஜீவ் மட்டும், அதுவும் "பிள்ளைகளுக்குப் பரீட்சை, அடுத்த வாரம் நிச்சயம்" என்ற வாக்கியத்தோடு. அன்று எட்டாவது வாரம். சீட்டைப் படம் எடுத்தேன், குழுவில் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை, என் மாணவி ஒருத்தியின் அப்பாவான அஸ்மத்திடம் காட்டினால் போதும்.

"நாப்பத்தேழு! வாங்க ஆன்ட்டி, சாப்பிட்டீங்களா?"

கடிதம் எழுதும் தொண்டூழியர் அருண்ராஜ். பகலில் இன்ஷூரன்ஸ் விற்கும் காப்புறுதி முகவர். அவருக்கே பாதித் தலை நரைத்துவிட்டது, ஆனாலும் எனக்கு ஆன்ட்டி பட்டம் கொடுப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

"முந்தின கடிதாசிக்கெல்லாம் பதில் வந்துச்சா?" என்றேன்.

"வரும் ஆன்ட்டி. டைம் எடுக்கும் லா. நீங்க சொல்லுங்க, போன வாரம் அந்தப் படகு கதையில நிறுத்துனீங்க."

நான் சொன்னேன். வெள்ளத்தில் கரும்பலகையைப் படகில் ஏற்றிக்கொண்டு போனதை, பதினைந்து பெண்களும் தகரக் கூரையடியில் முழங்கால் தண்ணீரில் நின்று பின்னம் போட்டதை, ஆஸ்மா என்கிற பெண் தன் கணக்கை முடித்துவிட்டு அடுத்தவள் கணக்கையும் போட்டுக் கொடுத்து என்னிடம் திட்டு வாங்கியதை. அருண்ராஜ் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார். இருபது நிமிடம் போனது தெரியவில்லை.

"சரி ஆன்ட்டி, எல்லாம் கேஸ்ல சேர்த்துடுறேன். நீங்க காத்திருக்க வேண்டாம், நான் பார்த்துக்கிறேன்."

முதல் வாரம் மட்டும் உறுப்பினரை இரண்டு நிமிடம் பார்த்தேன். நல்ல காரியம் என்றார். அதன் பிறகு எல்லாம் அருண்ராஜோடு முடிந்துவிடும். அன்றும் மாடிக்கு வந்து, தோசை சுட்டுச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கினேன். திங்கட்கிழமைகளில் எனக்கு நன்றாகத் தூக்கம் வரும்.

வியாழக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. கதவுக்கு வெளியே ஊதா நிறச் சட்டையும் கழுத்து அட்டையுமாக ஒரு பெண், கையில் பிஸ்கட் டின்.

"குணமணி ஆன்ட்டியா? என் பேரு வினுஷா. முதியோர் நிலையத்துலேருந்து வர்றேன். உங்க எம்பி லெட்டர் அனுப்பியிருந்தாங்க."

கதவை அகலத் திறந்தேன். "மானியத்தப் பத்தியா?"

"மானியமா? இல்ல ஆன்ட்டி. உங்களப் பத்தி. இனிமே வாரா வாரம் நான் வந்து உங்ககூடப் பேசிக்கிட்டு இருப்பேன்."

கடிதத்தைக் காட்டச் சொன்னேன். தயங்கினாள். "என்னப் பத்தினதுதானே?" என்றதும் கையிலிருந்த கணினிப் பலகையை நீட்டினாள். ஆங்கிலத்தில் நான்கே வரி. குணமணி என்பவர் தனியே வசிக்கிறார். வாரந்தோறும் வந்து, தாம் முன்பு வெளிநாட்டில் இருந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறார். பேச்சுத் துணை தேவைப்படுவதாகத் தெரிகிறது. தக்க உதவி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். கீழே கையெழுத்து. அதற்கும் கீழே, அடுத்தடுத்த வாரங்களின் தேதிகளோடு ஒரே குறிப்பு: மீண்டும் வந்தார், பேசினார்.

"வேற கடிதாசி ஏதும் இல்லையா?"

"ஒரே கேஸ் நம்பர் ஆன்ட்டி. எல்லாம் இதுலதான் சேரும்."

எட்டு வாரம். ஒரு வரிகூட அமைச்சுக்குப் போகவில்லை. "எனக்கு வேல இருக்கு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். எனக்கு ஒரு வேலையும் இல்லை. பிஸ்கட் டின்னை அவள் வாசலில் வைத்துவிட்டுப் போகும் சத்தம் கேட்டது.

அருண்ராஜை நினைத்து வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். வீட்டில் யாரும் இல்லாததில் ஒரு வசதி, சத்தமாகவே திட்டலாம். திட்டி முடித்தபோது வீடு மிகவும் அமைதியாக இருந்தது. நான் தனியாக இருப்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அதை ஒருவர் எழுதி, இன்னொருவர் கையெழுத்துப் போட்டு, அலுவலகத்துக்கு அனுப்பிய பிறகு, அதே மேசையும் அதே ஒற்றை டம்ளரும் வேறு மாதிரி தெரிந்தன.

அதைவிட ஒன்று உறுத்தியது. யார் எழுதிய தாளையும் படிக்காமல் விடாத நான், எனக்காக எழுதிய தாளை ஒரு வாரம்கூடக் கேட்டு வாங்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். அருண்ராஜ் கேட்டுக்கொண்டிருந்தார். என் பேச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதே போதுமாக இருந்துவிட்டது. பதினைந்து பெண்களின் படிப்பை வைத்து நான் என் திங்கட்கிழமையை ஓட்டியிருக்கிறேன். வெட்கத்தில் அழுகை வந்தது, அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். லெம்பு சாலைத் திடலில் வழக்கம்போல் கூட்டம். ஆண்கள் புல்லில் உட்கார்ந்து ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அஸ்மத் எங்கள் இடத்தில், மின்பெட்டிக்குப் பக்கத்துத் திட்டில், செய்தித்தாள் விரித்து எனக்கு இடம் பிடித்திருந்தார். ஆஸ்மாவின் அப்பா. கிராஞ்சியில் தொழிலாளர் விடுதியில் இருக்கிறார், கட்டுமான வேலை. தமிழ்நாட்டு ஆட்களோடு பதினோரு ஆண்டு சாரம் கட்டித் தமிழ் கற்றுக்கொண்டவர். தீவிலிருந்து நான் திரும்பும்போது அவர் மனைவி ஒரு போத்தல் மாங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பினார். அதைக் கொடுக்கப் போனதில் தொடங்கியது இந்த ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். எண் எடுத்து உறுப்பினரைப் பார்க்க அவருக்கு வழி கிடையாது, அவர் இந்நாட்டுக் குடிமகன் அல்ல. அவர் மகளுக்காக நான்தான் பேச வேண்டும். இதைச் சொல்லித்தான் வாராவாரம் அவரிடம் சீட்டைக் காட்டிப் பீற்றிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இந்த வாரம் எத்தன நம்பர்?" என்று பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீரை நீட்டினார்.

"அஸ்மத், என்ன மன்னிச்சிடுங்க" என்றேன். "ஒரு கடிதாசியும் போகல. எட்டு வாரமும் வீணு. தப்பு என்மேலதான். எழுதினத நான் படிச்சுப் பார்க்கல. ஆஸ்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் தன் தேநீர்ப் பையின் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

"ஆஸ்மா ஸ்கூல்ல இல்ல அக்கா."

"என்ன?"

"செப்டம்பர் கடசியில டாக்கா போயிடுச்சி. மாமா கூட்டிட்டுப் போனாரு. கார்மெண்ட் வேல. அடுத்த வருசம் க்ளாஸ் இல்லன்னு ஊர்ல எல்லாம் பேசுனாங்க. வீட்ல பயந்துட்டாங்க."

நான் இரண்டே இரண்டு சீட்டு வாங்கியிருந்த நேரம் அது. "ஏன் சொல்லல? ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" என் குரலுக்கு நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொன்னா நீங்க வர மாட்டீங்க" என்றார் அஸ்மத். "நீங்க சீட்டு காட்டுறீங்க, சிரிக்கிறீங்க. எப்படிச் சொல்றது? நீங்க வரலன்னா ஞாயித்துக்கெழம உங்களுக்கு யாரு இருக்கா?" பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "எனக்கு யாரு இருக்கா?" என்றார்.

இவரும் என்னைப் பார்த்து அதையேதான் கண்டுபிடித்திருக்கிறார். அருண்ராஜ் எழுதி அனுப்பினார், இவர் எழுதாமல் ஆறேழு ஞாயிறு வந்து உட்கார்ந்திருக்கிறார். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. ஆறிப்போன தேநீரை இருவரும் குடித்து முடித்தோம். கிளம்பும்போது, "அடுத்த வாரமும் வருவேன்" என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

மறுநாள் நாற்காலி போடுவதற்கு முன்பே கீழே போய் நின்றேன். எண் ஒன்று.

அருண்ராஜ் என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். வினுஷா சொல்லியிருப்பாள். "ஆன்ட்டி, நான் உங்க நல்லதுக்குத்தான்..."

"தெரியும். உட்காருங்க. வழக்கமாக் கேக்குறதக் கேளுங்க."

தயங்கிக்கொண்டே கேட்டார். "என்ன பிரச்சினை ஆன்ட்டி?"

"தனியா இருக்கேன்" என்றேன். எட்டு வாரமாகச் சொல்லாத வார்த்தை. "நீங்க எழுதினது பொய் இல்ல. அந்தப் பொண்ண வியாழக்கிழம வரச் சொல்லுங்க, கதவத் தொறப்பேன். அந்தக் கேஸ் அதோட இருக்கட்டும். இப்ப புதுசா ஒண்ணு தொறங்க. புது நம்பர். அமைச்சுக்கு. மானியத்த நிறுத்தக் கூடாதுன்னு ஒரு குடிமகள் கேக்குறான்னு எழுதுங்க. ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்துடாதீங்க."

அவர் அடிக்கத் தொடங்கினார். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. தீவின் பெயர், பள்ளியின் பெயர், ஒன்பதாம் வகுப்பு, ஜனவரி, எல்லாம் அவருக்கே தெரிந்திருந்தது. எட்டு வாரமும் மனிதர் உண்மையாகவே கேட்டிருக்கிறார்.

அச்சடித்த தாளைக் கேட்டு வாங்கினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் எழுத்திலிருந்து படித்தேன். எழுத்துப் பிழை இல்லை. முகவரி சரி. மூன்றாவது வரியில், ஆசிரியருக்காகக் காத்திருக்கும் பெண்கள் பதினைந்து பேர் என்று இருந்தது.

பேனாவை வாங்கி, பதினைந்தை அடித்துவிட்டுப் பதினான்கு என்று எழுதினேன்.