கன்னத்தால் ஊதியவள்

2019 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை முற்பகல், நகைப் பட்டறையில் என் தங்கையின் வலக்கையிலிருந்து இடுக்கி நழுவியது. எடுக்கக் குனிந்தாள், விரல்கள் மடங்கவில்லை. வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு குழறியது. அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. சாப்பாடு கொண்டு சென்றிருந்த நான் உடனே ஆம்புலன்சை அழைத்தேன்.

பக்கவாதம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து உரிய நேரத்தில் ஏறியதால் பேச்சு திரும்பியது. அதோடு வாய்த்துடுக்கும் திரும்பியது. பற்றுப்பொடி வைத்து, ஊதுகுழலால் விளக்குச் சுடரை ஊதிப் பொன்னை ஒட்டுவது அவள் தொழில்; பொடி வைத்து ஊதுவது அவளுக்குப் பேச்சிலும் கைவந்த கலை. கைதான் இன்னும் தடுமாறியது.

காரணம் மட்டும் அகப்படவில்லை. கழுத்துக் குழாய்களில் அடைப்பில்லை. இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயத் துடிப்பு எல்லாம் ஒழுங்கு. காரணம் அறியாமல் வீடு திரும்பினால் மீண்டும் வரலாம். அடுத்த முறை அந்தக் கை திரும்பாமலே போகலாம்.

கை நரம்பில் உப்புநீர்க் குமிழிகளைச் செலுத்தி, அவை இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் கடக்கின்றனவா என்று எக்கோ ஸ்கேனில் பார்த்தார்கள். ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள், ஊதினாள். ஒன்றும் கடக்கவில்லை.

"ஓட்டை எதுவும் இல்லைம்மா" என்றார் இதய மருத்துவர்.

"இருந்தா தெரிஞ்சிருக்கும் டாக்டர். என்னை மாதிரி அங்க எவனும் ஊதியிருக்க மாட்டான். நடுவுல நிறுத்தவே இல்ல."

"நிறுத்தாம எப்படி மூச்சு விட்டீங்க?"

"கன்னத்துல காத்தை அடக்கி ஊதுவோம், மூக்கால இழுத்துக்குவோம். சுடர் அசையக்கூடாது பாருங்க. அக்கா பேசினா மட்டும் அசையும்."

மருத்துவர் பேனாவை மூடினார். "அப்ப நெஞ்சு முக்கவே இல்லையே! வாங்க, மறுபடியும் பாத்துடலாம்."

கன்னம் மட்டும் உழைத்தால் மார்புக்குள் அழுத்தம் ஏறாது. மூச்சை அடக்கி முக்கி, சட்டென விடும்போதுதான், இதயத்தின் இரு பக்கங்களுக்கும் நடுவே சிறு கதவு போன்ற ஓட்டை இருந்தால் அது திறக்கும்.

"அக்கா, வெளிய போ. மானம் போகுது."

"இத்தனை வருஷம் இல்லாத மானம் இப்ப எங்கேருந்துடி வந்துச்சு? முக்கு!"

முக்கினாள், விட்டாள். திரையில் வெண்புள்ளிகள் சரசரவென்று இடப்பக்கம் பாய்ந்தன. தங்கையின் இதயத்தில் ஓட்டை இருப்பதைக் கண்டு கைதட்டிய அக்காள் உலகில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"கருவுல எல்லாருக்கும் இருக்கிற வழிதான் இது" என்றார் மருத்துவர். "பொறந்ததும் மூடிக்கும். நாலு பேர்ல ஒருத்தருக்கு மூடாது. பெரும்பாலும் தொந்தரவும் தராது. உங்களுக்கு வேற காரணமே கிடைக்கலை. கால்ல உண்டான கட்டி நுரையீரல்ல நிக்காம, இந்த வழியா மூளைக்குப் போயிருக்கணும்."

"இந்த ஓட்டை இத்தனை வருஷம் வாடகை குடுக்காம குடியிருந்திருக்கு. காலி பண்ணுங்க டாக்டர்!" என்றாள் தங்கை.

நரம்பியல் மருத்துவரும் கலந்து பேசி, ஓட்டையை அடைப்பதென்று முடிவு செய்தனர். தொடை நரம்பின் வழியே சிறு மூடியைக் கொண்டு சென்று பொருத்தினார்கள். ஆறு மாதம் கழித்து நடந்த சோதனையில், அறையே அதிர முக்கினாள். ஒரு குமிழிகூடக் கடக்கவில்லை. மறுநாள் பட்டறையில், கடுகினும் சிறிய பொன்மணியை வலக்கை இடுக்கியால் எடுத்து, நடுங்காமல் தோட்டின் மேல் வைத்தாள்.

இறுதியில் முடிவானது இது: இரத்தம் உறையாதிருக்கும் மாத்திரை தொடரும், ஆண்டுக்கொருமுறை பரிசோதனை உண்டு, ஊதுகுழல் அவளிடமே இருக்கும்.