அண்ணனின் வலது கால்

ஆனந்தராஜ் செத்து மூன்று வருடமும் நான்கு மாதமும் ஆன பிறகு, ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், பகல் பன்னிரண்டு மணிக்கு, அவருடைய வலது கால் மட்டும் கிளியனூரில் இருக்கும் தங்கை பூமாலையின் வீட்டுக்கு வந்தது. புதுச்சேரி சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பி, ரேஷன் கடையைத் தாண்டி அது நடந்து வந்ததைக் குறைந்தது பதினோரு பேர் பார்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதிதான். சர்க்கரை வியாதியில் குதிகால் புண் அழுகி, அவர் உயிரோடு இருக்கும்போதே ஆஸ்பத்திரியில் எடுத்தது. கரும்பு வெட்டும்போது கத்தி பட்ட தழும்பு அப்படியே இருந்தது. குதிகாலில் கட்டுத்துணியும் இருந்தது. வீட்டுக்குள் வராமல் முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டது.

பூமாலை அப்போதுதான் திண்டிவனத்திலிருந்து திரும்பியிருந்தாள். நாற்பத்தாறு வயது. மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடிகளுக்கிடையே களை எடுக்கும்போது தலை சுற்றுகிறது என்று போய், முந்தின வாரம் ரத்தம் கொடுத்திருந்தாள். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஆறு புள்ளி இரண்டு என்று வந்தது. டாக்டர் சின்ன வயதுப் பெண். “சுகர் இன்னும் வரலம்மா, ஆனா வர்ற வழியில இருக்கு. இப்பவே சோத்தக் கொறச்சி தினம் நடந்தீங்கன்னா தள்ளிப்போடலாம். கூடப்பொறந்தவங்க யாருக்காச்சும் இருந்துச்சா?” என்று கேட்டாள். பூமாலை இல்லை என்று தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் ரத்தப் பரிசோதனைச் சீட்டை நான்காக மடித்து அரிசிப் பானைக்குள் புதைத்தாள். அவள் கையை உதறி நிமிர்ந்தபோது வெளியே ஊர்க்காரர்கள் சத்தம் கேட்டது.

அவள் புருஷன் சுப்பராயலு முதல் நாள் காலுக்குக் கற்பூரம் காட்டினார், மறுநாள் அதட்டிப் பார்த்தார், மூன்றாம் நாள் பழகிவிட்டார். பூமாலை கொல்லைக்குப் போனால் அது கூட வந்தது. அவள் உட்கார்ந்தால் நின்றது. அது குதித்துப் போகவில்லை. இன்னொரு கால் பக்கத்தில் இருப்பதுபோல இடைவெளி விட்டுச் சாதாரணமாக நடந்தது. அவள் டீயில் சர்க்கரை போட்டுக் குடித்த நாட்களில் கட்டுத்துணியில் ஈரம் கசிந்தது. அந்த வாடை அவளுக்கு மட்டும் அடித்தது. ஆனாலும் கார்த்திகை வரை அவள் சீட்டை வெளியே எடுக்கவில்லை, சோற்றையும் குறைக்கவில்லை.

கார்த்திகையில்தான் செய்தி எட்டி, ஆனந்தராஜின் மனைவி செண்பகம் திருவெண்ணெய்நல்லூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாள். தரையில் உட்கார்ந்து காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். புடவையில் சுற்றித் தூக்கிப் போகப் பார்த்தாள். அது கல்தூண் மாதிரி கனத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நாத்தனாரைப் பார்த்தாள்.

“முப்பது வருசம் குடும்பம் நடத்துனவ நானு. என்கிட்ட வரல, ஒன்கிட்ட வந்து நின்னுக்கினு இருக்குது. ஒனக்கும் சுகரா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணி.”

“அவரும் இதத்தான் சொன்னாரு. ஆறு வருசமா செருப்புக்கடி, செருப்புக்கடின்னாரு. நானும் நம்பிக்கினு இருந்தேன். பொய் சொல்லாத பூமாலை. இன்னொரு தபா ஆஸ்பத்திரி வராண்டாவுல குந்திக்கினு இருக்க என்னால முடியாது.”

பூமாலை அரிசிப் பானைக்குள் முழங்கை வரை விட்டுச் சீட்டை எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாளிலிருந்து அரிசிச் சோறு ஒரு வேளையாயிற்று, அதுவும் பாதியாயிற்று. காலையில் ஏரிக்கரையில் நடந்தாள். கால் அவளுக்கு வலப்பக்கத்தில் நடந்தது. சாயங்காலம் தன் பாதங்களைக் கழுவி, விரலிடுக்குகளைப் பார்த்துவிட்டு, அதையும் கழுவிக் கட்டு மாற்றினாள். சித்திரையில் எண் ஐந்து புள்ளி எட்டுக்கு இறங்கியது. இந்தமுறை டாக்டரிடம் அண்ணனைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டாள். அண்ணன் காலின் புண் ஆறவில்லை. கால் போகவும் இல்லை. ஊரில் அதைப் பற்றிப் பேசுவது நின்றுபோயிற்று.

சென்னையில் கம்பெனி வேலையில் இருக்கும் மகள் கலைப்பிரியா, ஆவணியில் மூன்று நாள் லீவில் வந்தாள். இருபத்தைந்து வயது. மறுநாள் காலை நடக்கக் கிளம்பிய பூமாலைக்கு வலப்பக்கம் காலியாக இருந்தது. திரும்பி வீட்டுக்குள் வந்தாள். ஒரு வருடமாக வாசற்படி தாண்டி உள்ளே வராத கால், மகள் படுத்திருந்த பாய் அருகே நின்றிருந்தது. பூமாலை மகளை எழுப்பினாள்.

“பல்லு வெளக்கிக்கினு கெளம்பு. ஒண்ணும் சாப்புடாத. டீ கூட வேணாம். ரத்தம் குடுக்கணும்.”

கலைப்பிரியா பாயின் ஓரத்தைப் பார்த்தாள். மாமாவின் தழும்பை அவளுக்குத் தெரியும். “இது எப்பம்மா இங்க வந்துச்சு?”

“விடியறப்ப.”

அவள் எழுந்து பாயைச் சுருட்டினாள். முகம் கழுவப் போனாள். ஏழே கால் பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் இரண்டு பேரும் நடுவில் காலுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்கள். கண்டக்டர் திண்டிவனத்துக்கு இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.