தம்புவின் வயிற்றுக்கு இரண்டு கட்சி

தம்பு ஏப்பம் விட்டால் கட்டுக்கரைக் குளத்தில் மீனுக்குக் காத்திருக்கிற கொக்குகள் எல்லாம் ஒன்றாக எழும்பிப் பறந்து, மன்னார்ப் பாலத்தடியில் போய்த்தான் இறங்கும். அப்படியொரு புளித்த ஏப்பம். அது வந்த கையோடு நெஞ்சுக்குள் ஒரு அடுப்பு மூளும். அந்த அடுப்பில் கிடாரம் வைத்து ஊருக்கே பொங்கிப் போடலாம்.

இது இன்றைக்கு நேற்றைக்கு வந்த வருத்தமில்லை. யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பி, பற்றை வெட்டி வயலைத் திருத்திய நாளிலிருந்து அந்த எரிவும் அவருடன் ஒரே வீட்டில் குடியிருந்து வந்தது. எரிவை அவர் பெரிதாக மதித்ததில்லை. பயந்தது வேறொன்றுக்கு. இடம்பெயர்ந்து இருந்த காலத்தில், ஒரு தறப்பாள் கொட்டிலுக்குள் அவருடைய அப்பர் இதே மாதிரி நெஞ்சைத் தடவிக்கொண்டு திரிந்தவர், ஒருநாள் இரத்தம் கக்கி, அன்றைக்கே போய்விட்டார். தன்னுடைய வயிற்றுக்குள்ளும் அதுதான் இருக்கிறதோ என்ற கேள்வியைத் தம்பு யாரிடமும் கேட்டதில்லை. கிளினிக்கில் "வாய்க்குள்ளால ஒருக்காக் குழாய் விட்டு வயித்தைப் பார்ப்பம்" என்று டொக்டர் சொன்ன போதெல்லாம் அவருக்கு வயலில் அவசர வேலை வந்துவிடும். மழையில்லாத காலத்தில்கூட வாய்க்கால் உடைத்துக்கொள்ளும்.

இதற்கிடையில் அந்த வயிற்றுக்காக வீட்டிலே இரண்டு கட்சி முளைத்தது.

ஒன்றுக்குத் தலைவி மனைவி மனோன்மணி. வருத்தம் வாயால் வந்தது, வாயாலேயே போக வேண்டும் என்பது அவளுடைய கொள்கை. மிளகாய்த்தூள்ப் போத்தல் அலுமாரிக்குள் போய்ப் பூட்டுப்பட்டது. பிளேன்ரீக்குத் தடை. பொரியலுக்குத் தடை. பொழுதுபட்ட பிறகு பல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிற பருக்கையை விழுங்குவதற்கும் அனுமதி கேட்க வேண்டும். காலையில் குரக்கன் கஞ்சி, மத்தியானம் அவித்த பூசணிக்காய், சாப்பிட்டு முடிந்ததும் முற்றத்தைச் சுற்றி நடை. தம்பு தின்ற பூசணிக்காயை அடுக்கினால் தள்ளாடிச் சந்தி வரைக்கும் மதில் கட்டலாம். காதுக்குள்ளால் கொடி வந்துவிடுமோ என்று தினமும் கண்ணாடி பார்த்துக்கொண்டார். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், ஏப்பம் குறைந்துதான் இருந்தது.

மற்றக் கட்சிக்குத் தலைவன் மகன் துஷாந்தன். மன்னார் பஸாரில் ஒரு பார்மசியில் வேலை. கிளினிக் டொக்டர் எழுதித் தந்த வயிற்றுக் குளிசையை, காலையில் வெறுவயிற்றில் ஒன்று போட்டால் போதும் என்பது அவனுடைய கொள்கை.

இரண்டு கட்சியும் தம்புவின் கோப்பைக்கு மேலால்தான் கூட்டம் நடத்தும்.

"பூசணிக்காய் புண்ணை ஆத்தாதம்மா. டொக்டர் என்ன விசரிலயே எழுதினவர்?"

"உனக்கு விக்கிறதுக்கு ஆள் வேணும். சொந்தத் தேப்பனே ஆப்பிட்டிட்டார்."

"நான் விக்கேல்லை, சும்மாதானே கொண்டுவந்து குடுக்கிறன்."

"சும்மா கிடைக்குது எண்டு சாகுமட்டும் விழுங்கேலுமோ? எலும்பு உக்கிப் போயிடுமாம். யூரியூப்பில ஒரு டொக்டர் சொன்னவர்."

"எந்த டொக்டர்?"

"தாடி வைச்ச டொக்டர்."

தாடிக்கு எதிராக வாதாட ஆரால் முடியும்? துஷாந்தன் கையைக் கழுவிக்கொண்டு எழும்பினான்.

தம்பு சமாதானப் பிரியர். இரண்டு நாடுகளுக்கு நடுவில் அவரைக் கொண்டுபோய் விட்டிருந்தால், இரண்டு பக்கமும் தாங்களே வென்றோம் என்று வெடி கொளுத்தியிருக்கும். அதே கெட்டித்தனத்தை அவர் தன் வயிற்றிலும் காட்டினார். மனோன்மணியின் மனம் ஆற வேண்டும் என்று வயிற்றுக் குளிசையை நிப்பாட்டினார். அதை மகனுக்குச் சொல்லவில்லை. மகனுடைய மனமும் ஆற வேண்டுமே! அறுவடைக் காலத்தில் முழங்கால் நோகிறது என்று கேட்ட இடத்தில் அவன் கொடுத்த நோக்குளிசையை ஒன்றும் விடாமல் போட்டு வந்தார். அதை மனைவிக்குச் சொல்லவில்லை.

"சாப்பிட்டாப் பிறகுதான் போடோணும், அப்பா. வயித்துக் குளிசையும் போடுறபடியாத்தான் தாறன். இல்லாட்டி இது குடலைத் தின்னும்," என்று துஷாந்தன் சொல்லித்தான் கொடுத்தான். தம்பு தலையை ஆட்டினார். அவர் ஆட்டாத தலையா!

மாசி பிறந்தது. வீதியோரம் நெல் காய்ந்தது. வெயிலில் நின்று காலாலேயே நெல்லைத் துழாவித் துழாவி, தம்புவின் முழங்கால்கள் பழைய கதவு மாதிரிக் கிறீச்சிட்டன. அதே நேரம் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சமெல்லாம் நின்றது. திருக்கேதீஸ்வரத்துச் சிவராத்திரிக்கு மனோன்மணி எப்போதும் முன்கூட்டியே சட்டி பானையெல்லாம் மினுக்கிவிடுவாள். இந்த முறை அவள் நேர்ந்திருந்தது தம்புவின் வயிற்றுக்காக.

"உங்கட வயிறு ஆறவேணும் எண்டு பச்சைத் தண்ணியும் குடியாமல் இருக்கப்போறன். நீங்களும் சுத்தமா இருக்கோணும், சொல்லிப்போட்டன்."

"ஓமப்பா," என்றார் தம்பு. மனசாரத்தான் சொன்னார்.

அடுத்தநாள் நெல் காயப்போட விரிக்கிற படங்கு இரவல் வாங்க வங்காலைக்குப் போனதுதான் பிழையாகிவிட்டது. படங்குக்காரரின் மனைவி அன்ரோனெற் அடுப்படியில் கணவாய் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அதுவும் மையைக் கழுவி ஊற்றாமல், அந்த மையிலேயே, மிளகு தட்டிப் போட்டு, தார் மாதிரிக் கறுத்தக் கறி. அந்த வாசம் படலையைத் தாண்டி வந்து தம்புவின் சட்டைக் கொலரைப் பிடித்து உள்ளே இழுத்தது.

"இருந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கோ, அண்ணை."

"ஐயோ பிள்ளை, வீட்டில மச்சம் நிப்பாட்டியாச்சு."

"வீட்டில நிப்பாட்டினது சரி. இது என்ர வீடெல்லே?"

இப்படி ஒரு நியாயத்தை எந்த நீதவானாலும் தள்ளியிருக்க முடியாது. மாதக்கணக்காகப் பூசணிக்காய் தின்ற மனிசன் அன்றைக்குத் தின்ற தின்னலில் மூன்று முறை சோறு வடிக்க வேண்டி வந்தது என்று அன்ரோனெற் இன்றைக்கும் சொல்லுவாள். பல்லும் நாக்கும் மை பூசிக் கறுத்துக் கிடந்தன. கடற்கரையில் இறங்கி, உப்புத் தண்ணியில் வாயைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் கக்கூசுக்குள் குனிந்து பார்த்த தம்பு ஒருமுறை நடுங்கிப்போனார். கன்னங்கரேல். பிறகு கணவாய் ஞாபகம் வந்தது. மைதானே! சிரிப்புக்கூட வந்தது.

அதற்கடுத்த நாளும் கறுப்பு. அதற்குப் பிறகும் கறுப்பு. 'அன்ரோனெற் மையை நல்லாத்தான் அள்ளி விட்டிருக்கிறாள்' என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைக்கத்தான் அவருக்கு விருப்பம். ஏனென்றால் மற்ற நினைப்பு அந்தத் தறப்பாள் கொட்டிலில் போய் நின்றது.

சிவராத்திரி வந்தது. மனோன்மணி பாலாவித் தீர்த்தத்தில் தண்ணீர் மொண்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு சனத்துக்குள் வரிசையில் நின்றாள். பக்கத்தில் தம்புவும் தன் குடத்தோடு நின்றார். வயிற்றில் ஒரு பருக்கை இல்லை. இருந்தது காலையில் விழுங்கிய நோக்குளிசையும், மத்தியானம் முழங்கால் விட்டுவிடும் போலிருந்தபோது ஒளித்து விழுங்கிய இன்னொன்றும்தான். லிங்கத்துக்குத் தண்ணீர் வார்க்கும்போது மனோன்மணியின் வாய் முணுமுணுத்தது. எதைக் கேட்கிறாள் என்று தம்புவுக்குத் தெரியும். அவர் கண்ணை மூடிக்கொண்டார். சாமியைப் பார்க்கிற துணிவு வரவில்லை.

அந்தக் கிழமையே, நல்ல வெயில் நேரம், வீதியோர நெல்லில் நின்றவர் அப்படியே நெல்லின்மேல் சரிந்தார். மனோன்மணி போட்ட கூக்குரலில் வயலில் நின்ற வெட்டு மெசினே நின்றுவிட்டது. ஓட்டோ ஒன்றைப் பிடித்து மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். துஷாந்தன் வேலையிடத்திலிருந்து ஓடிவந்தான்.

டொக்டர் ஒரு இளம் பெண். தம்புவின் கண் இமையை இழுத்துப் பார்த்தாள்; உள்ளே வெள்ளைக் கடதாசி மாதிரி இருந்தது.

"ஐயா, வெளியால போறது என்ன நிறம்?"

ஒரு பக்கம் மனோன்மணி. மறுபக்கம் மகன். தம்புவின் தொண்டைக்குள் ஒரு முழுக் கணவாய் உயிரோடு எழும்பி நீந்தியது. கறுப்பு என்றால் குழாய் விடுவார்கள். அப்பரிடம் இருந்ததைக் கண்டுபிடிப்பார்கள். கறுப்புக்குக் காரணம் கணவாய் என்றால், பச்சைத் தண்ணியும் குடிக்காமல் இருந்தவளின் முகத்தைப் பார்க்க வேண்டிவரும். சாவா, மனோன்மணியா என்று ஒருகணம் தடுமாறிய மனிசன், இரண்டில் சின்னது என்று மனோன்மணியைத் தெரிந்தெடுத்தார்.

"கறுப்புத்தான், டொக்டர். ஆனா அது கணவாய்."

"என்ன கணவாய்?" கேட்டது டொக்டர் இல்லை, மனோன்மணி.

"வங்காலையில... படங்கு வாங்கப் போன இடத்தில. மையோட காய்ச்சினது." தம்பு கட்டில் விரிப்பைப் பார்த்துச் சொன்னார். "ஒரு கொஞ்சம்தான்."

மனோன்மணி கட்டிலை விட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"எப்ப சாப்பிட்டது, ஐயா?" டொக்டர் கேட்டாள்.

"சிவராத்திரிக்கு முதல்."

"அது எப்பவோ போய் முடிஞ்சிருக்கும். இண்டைக்கும் கறுப்பா இருக்கிறது மை இல்லை. உள்ளுக்கு இரத்தம் கசியுது." அவள் நிமிர்ந்தாள். "நோவுக்கு ஏதும் போடுறனீங்களோ?"

தம்புவின் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது. துஷாந்தன் குனிந்து பையிலிருந்த குளிசைத் தகட்டை எடுத்தான். முக்கால்வாசி வெறுமையாக இருந்தது.

"நான்தான் குடுத்தனான், டொக்டர். வயித்துக் குளிசையோட சேர்த்துத்தான் போடச் சொன்னனான்."

"அதை நான் நிப்பாட்டிப்போட்டன், தம்பி," என்றார் தம்பு.

"நிப்பாட்டினனீங்களோ? ஏன்?"

"நான்தான் நிப்பாட்டச் சொன்னனான்," என்றாள் மனோன்மணி. அவளுடைய குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "முழங்காலுக்கு வேற போடுறாரெண்டு எனக்கு ஆர் சொன்னது? தெரிஞ்சிருந்தா நான்..."

துஷாந்தன் கையிலிருந்த தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனிடமும் ஒரு 'தெரிஞ்சிருந்தா' இருந்தது.

"சாப்பாட்டைக் குறைச்சதால அவருக்குச் சுகமாத்தான் இருந்திருக்கும். நான் அதைப் பிழை சொல்லேல்லை," டொக்டர் எழுதிக்கொண்டே சொன்னாள். "ஆனா இந்தக் குளிசை புண்ணாக்கிற வயித்துக்குக் கஞ்சி மட்டும் காவல் நிக்காது. இப்ப இரத்தம் ஏத்தவேணும். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிக் குழாய் விட்டுப் பார்க்கவேணும். அதுவரைக்கும் வாயில ஒண்டும் வைக்கக் கூடாது. தண்ணியும் கூடாது."

தம்பு கேட்க நினைத்த கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "டொக்டர், என்ர அப்பர்..." என்று தொடங்கினார்.

"பார்த்தாத்தான் தெரியும், ஐயா," என்றாள் அவள் மெல்ல. அவர் கேட்க வந்ததை அவள் இந்தக் கட்டிலில் எத்தனை பேருடைய வாயால் கேட்டிருப்பாள்!

அம்புலன்ஸ் வரும் வரைக்கும் மூவரும் இருந்தார்கள். இடது பக்கக் கதிரையில் மனோன்மணி, மடியில் பக்கத்து வீட்டாரிடம் சொல்லி எடுப்பித்த குரக்கன் கஞ்சிப் போத்தலோடு. வலது பக்கம் துஷாந்தன், பார்மசியிலிருந்து கொண்டுவந்த வயிற்றுக் குளிசைப் பெட்டியோடு. நடுவில் தம்பு, பச்சைத் தண்ணியும் இல்லாமல். வங்காலையில் முறித்த விரதம் பெட்டி படுக்கையோடு வந்து அவருடைய கட்டிலில் ஏறிப் படுத்திருந்தது. ஆரோ பெற்ற பிள்ளையின் இரத்தம் சொட்டுச் சொட்டாகக் கையில் இறங்கியது.

"இஞ்சாருங்கோ," என்றாள் மனோன்மணி.

அவர் பயந்துபோய்த் திரும்பினார்.

"அந்தக் கணவாய்... நல்லா இருந்ததோ?"

பொய் சொல்லலாம். சொல்லிப் பழகிய வாய்தான்.

"மிளகு கொஞ்சம் கூட," என்றார்.

"நானெண்டா குறைச்சுப் போட்டிருப்பன்." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் யன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

அம்புலன்ஸில் ஒரு ஆளுக்குத்தான் இடம் என்றார்கள். மனோன்மணி ஏறினாள். கதவு மூடுவதற்கு முன் துஷாந்தன் குளிசைப் பெட்டியை உள்ளே நீட்டினான். அவள் அதை வாங்கி, கஞ்சிப் போத்தல் இருந்த பைக்குள்ளேயே வைத்தாள்.

பாலத்தில் ஏறும்போது தம்பு தலையைத் திருப்பிப் பார்த்தார். ஆழமில்லாத கடலில் பறவைகள் காலூன்றி நின்றன. நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு ஏப்பம் எழும்பி வந்தது. மெல்லியது, பூனைக்குட்டி விடுகிற மாதிரி. மனோன்மணி சட்டென்று அவருடைய நெஞ்சில் கையை வைத்தாள்.

வெளியே ஒரு பறவையும் அசையவில்லை.