டிரம்ஸ் இல்லாமல் ஒரு தடவை

தவுலெத் ஆறே முக்காலுக்கு எழுந்தான். தண்ணீர் கொதிக்க வைத்தான். முகம் மழித்தான். நேற்றைய ரொட்டியில் வெண்ணெய் தடவி நின்றபடியே தின்றான். தேநீரில் பால் ஊற்றிக் குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். ஒரு காலுறை, அதன் மேல் கம்பளிக் காலுறை, பூட்ஸ். கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்த்தான். பஸ்ஸில் இடம் இருந்தது. உட்கார்ந்தான்.

எட்டரைக்கு ஸ்டூடியோவைத் திறந்து முதல் வேலையாக டிரம்ஸை ஒவ்வொன்றாகத் தூக்கி நடைபாதையில் வைத்துப் போர்வை போட்டு மூடினான். கிழவர் கண்ணில் அது படவே கூடாது. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு கிடார், ஒரு மைக். இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

கிழவர் என்றால் தெமிர்கான். அறுபத்தொன்பது வயது. ஒரு காலத்தில் கரகந்தா நகரத்துச் சுரங்கத் தொழிலாளர் மன்றங்களில் அவர் கத்திய கத்தலில் கூரைப் பூச்சு உதிர்ந்தது என்பார்கள். இப்போது கல்யாணங்களில் பாடுகிறார். பழைய பாட்டுகளைப் புதிதாகப் பாடி ஒரு ஆல்பம் போடப் போகிறார்கள். ஒலிப்பதிவு தவுலெத்தின் பொறுப்பு.

இந்தச் செய்தி ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் அவன் மனைவி அக்மரால் கட்டிலில் ஏறிக் குதித்திருப்பாள்.

அவர்கள் இருவருக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. தெமிர்கானை யாரோடு சேர்த்துப் பாட வைக்கலாம்? பஸ்ஸில் போகும்போது ஆளுக்கொன்று சொல்ல வேண்டும். ரயில் நிலையத்தில் மூக்கடைத்த குரலில் அறிவிப்புச் சொல்கிற அம்மாளோடு ஒரு டூயட். பாட்டிலேயே திட்டிக்கொள்ளும் போட்டியில் ஜெயித்துவந்த ஒரு கவிக்காரியோடு ஒன்று. அவள் இவர் தலைச்சாயத்தைப் பற்றிப் பாட வேண்டும், இவர் பதில் சொல்ல முடியாமல் விழிக்க வேண்டும். பழைய ஒலிநாடாவில் இருக்கும் இருபத்து நாலு வயதுத் தெமிர்கானோடு இன்றைய தெமிர்கான். "சின்னவன் ஜெயிச்சிடுவான்" என்பான் தவுலெத். "பெரியவர் விட்டுக் குடுப்பார், அதுதான் அழகு" என்பாள் அவள்.

டூயட்டெல்லாம் தீர்ந்தபின் தனியாகப் பாட வைப்பார்கள். இரண்டே கம்பி உள்ள தோம்பிரா வாத்தியத்தோடு. சமையலறையில், கெட்டில் கொதிக்கக் கொதிக்க. கடைசியில் அவள் எப்போதும் வந்து நிற்பது 'கரிக்காற்று' என்ற பாட்டில்தான். ஊரே அதற்குக் காலால் தரையை உதைத்து ஆடும். அவள் மட்டும் அது தாலாட்டு என்பாள்.

"மேல இருக்கிற டிரம்ஸை எடுத்துட்டுப் பாரு. குழந்தையைத் தூங்க வைக்கிற பாட்டு அது."

"எடுத்துட்டா மூணு சுரம்தான் மிஞ்சும். நான் சவுண்டுக்காரன், எனக்குத் தெரியாதா?"

"தாலாட்டுக்கு மூணு போதும்டா."

ஒருநாளும் அவள் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. தவுலெத்தின் அப்பா பெயரும் தெமிர்கான். மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது. நகரத்தில் வளர்ந்து பட்டம் வாங்கியவள். மாமனாரைச் சிரிக்க வைக்கத்தான் அந்த வழக்கத்தைக் கையில் எடுத்தாள். அப்புறம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. பெயரின் முன்பாதிக்கு இரும்பு என்று பொருள். அதனால் இரும்பு என்ற சொல்லும் போயிற்று. இரும்புச் சட்டிக்கு வேறொரு பெயர் வைத்தாள். பாடகர் 'துரு மாமா' ஆனார்.

அந்தப் பாட்டை ஒரே ஒரு தடவை வெறுங்குரலில் கேட்டுவிட வேண்டும். அவள் சொன்னது சரியா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அவனுக்கு இருந்த ஒரே ஆசை இதுதான். போன வாரம் கேட்டபோது தெமிர்கான் முடியாது என்றுவிட்டார். "டிரம்ஸ் இல்லாம நான் குளிக்கிற இடத்துல கூடப் பாடறதில்லை தம்பி."

அப்போதுதான் தவுலெத் ஒரு பொய்யைச் சொன்னான். "எம் பொண்டாட்டி கடைசியா சொன்னதே இதான் அண்ணே. 'தெமிர்கான் அண்ணனை ஒரு தடவை டிரம்ஸ் இல்லாம பாடச் சொல்லு'ன்னா."

கிழவர் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். இறந்துபோனவர்கள் விட்டுப்போன சொல் அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள் மாதிரி. அதைத் தட்டிவிட்டு யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது. "சரி" என்றார்.

ஒன்பது மணிக்கு வந்தார். தோல் கோட்டு, கறுப்புக் கண்ணாடி, காதைச் சுற்றிச் சாயம்.

"எங்கடா டிரம்ஸ்?"

"இல்லைன்னுதானே பேசினோம் அண்ணே."

"வாசிக்கச் சொல்லலை. சும்மா ஒரு ஓரமா இருக்கட்டும். பொண்டாட்டி அடுத்த ரூம்ல இருக்கான்னா ஒரு தைரியம் இருக்குமே, அந்த மாதிரி." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கோ."

"பரவாயில்ல. பாடுங்க."

முதல் தடவை பூட்ஸ் காலால் தாளம் தட்டினார். மைக்கில் இடி விழுந்தது. தவுலெத் பூட்ஸைக் கழற்றச் சொன்னான். இரண்டாம் தடவை தொடையில் தட்டினார். கையில் கிடாரைக் கொடுத்தால் அதன் வயிற்றில் தட்டினார். ஐந்தாம் தடவை முதல் இரண்டு வரி ஒழுங்காக வந்தது. தவுலெத் மூச்சைப் பிடித்துக்கொண்டான். மூன்றாம் வரிக்கு முன் கிழவர் வாய் தானாகத் திறந்தது: "கைதட்டுங்க கரகந்தா!"

"அண்ணே!"

"வாயில வந்திடுது. நான் என்ன பண்ண?"

"இங்க நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

"அப்ப நீ தட்டு."

பத்தாம் தடவை வார்த்தை மறந்தது. அவரே எழுதிய பாட்டு. பதினொன்றாம் தடவை குரலை ஏற்றிக் கத்தினார். கொஞ்சம் எதிரொலி சேர்க்கச் சொன்னார். வெந்நீர் கேட்டார். நாற்காலி கிரீச்சிடுகிறது என்றார், வேறு நாற்காலி போட்டால் அதற்கு முதுகு இல்லை என்றார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தவுலெத்தின் தாடை வலித்தது. இந்த ஆளை வைத்தா மூன்று வருடம் கனவு கண்டோம்? தனியாக விட்டால் மூன்று வரி தாண்ட முடியாத இந்த ஆளையா? கதவைத் திறந்து துரத்திவிடலாம் போலிருந்தது. பதிலாகப் பொத்தானை அமுக்கி, "திரும்ப முதல்லேர்ந்து" என்றான். அன்று அவன் அதிகம் சொன்னது அதைத்தான்.

பன்னிரண்டரைக்கு ரினாத் உள்ளே வந்தான். ஆல்பத்தை எடுத்து நடத்துகிறவன், தாத்தார் இனத்தவன். இரண்டு போன் வைத்திருப்பான். எரிச்சல் வந்தால் மட்டும் அப்பா பெயரையும் சேர்த்து மரியாதையாகக் கூப்பிடுவான்.

"தவுலெத் தெமிர்கானொவிச் அவர்களே, டிரம்ஸ் ஏன் நடைபாதையில தூங்குது? எதாவது செத்துப்போச்சா?"

"ஒரு மணி வரைக்கும் நேரம் குடுத்தீங்க."

"குடுத்தேன். ஒரு மணிக்கு இன்டர்நெட்ல பாடற அந்தப் பொண்ணு வந்துடும். டூயட் எடுத்தாகணும். அவளை நாலு லட்சம் பேர் பாக்கிறாங்க. இந்த முனகலை யார் கேப்பா?" கண்ணாடி வழியாகக் கிழவருக்குக் கை காட்டிவிட்டு, போனில் பேசியபடியே வெளியே போனான்.

தெமிர்கானின் காதில் ஹெட்போன் இருந்தது. பேசும் பொத்தான் அமுங்கியே இருந்தது. எல்லாம் கேட்டிருந்தது. அவர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, இங்க வா."

தவுலெத் உள்ளே போனான்.

"உங்கப்பா பேரு தெமிர்கானா?"

"ஆமா."

"இருக்காரா?"

"இருக்கார். நல்லா இருக்கார்."

"எங்கப்பா பேருல ஆடு இருக்கு. எம் பொண்டாட்டி நாப்பத்தஞ்சு வருஷமா கறிக்கடையில 'அந்தக் கத்துறதுல ரெண்டு கிலோ போடுங்க'ன்னுதான் கேக்கறா. கடைக்காரன் மாறினா ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்து புரிய வைக்கணும்." அவர் சிரிக்கவில்லை. "உன் பொண்டாட்டி எப்படி? மாமனார் பேரு சொல்லுவாளா?"

தவுலெத் குனிந்து மைக் கம்பியைச் சுருட்டத் தொடங்கினான்.

"சொல்லமாட்டா இல்ல? ஆனா கடைசி நேரத்துல மட்டும் 'தெமிர்கான் அண்ணனைப் பாடச் சொல்லு'ன்னு அழகா வாய் நிறையச் சொன்னா?"

"அண்ணே..."

"என்னைக் கூப்பிட அவ என்ன பேரு வெச்சிருந்தா?"

"துரு மாமா."

"துருவா!" கிழவர் எழுந்து கோட்டில் ஒரு கையை நுழைத்தார். "செத்தவ வாயில பொய்யை வெச்சுட்டியேடா. அமானிதம்னு நம்பி வந்தேன்."

காலையிலிருந்து தாடையில் நின்றது அத்தனையும் தவுலெத்துக்கு வாயில் வந்தது. "சொல்லலை! கடைசியா அவ உங்களைப் பத்தி ஒண்ணுமே சொல்லலை. போதுமா? போங்க. கல்யாணத்துல போய்க் கைதட்டச் சொல்லுங்க. மூணு வரி பாடத் துப்பில்லை, உங்களைப் போய் அவ..." நிறுத்திக்கொண்டான்.

கிழவர் ஒரு கை கோட்டிலும் ஒரு கை வெளியிலுமாக நின்றார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார்.

"ஒண்ணுமே சொல்லலையா?"

"இல்ல."

"அப்பாடா." கோட்டை உதறித் தரையில் போட்டார். "ஒரு வாரமா செத்த பொண்ணு ஒருத்தி எங்கழுத்துல உக்காந்திருந்தா. வாயத் திறந்தா அவதான் கேக்கறாங்கற மாதிரி இருந்துச்சு. பயத்துல காலு தன்னால டிரம்ஸைத் தேடுது. இதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு, நாற்காலி மேல பழி போட்டேன்."

தவுலெத் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"பாடறேன். ரினாத் வந்தா வரட்டும், கதவைத் தாழ் போடு" என்றார் தெமிர்கான். "ஆனா முதல்ல நிஜமா என்ன சொன்னான்னு சொல்லு. யாருக்குப் பாடறோம்னு தெரியணும். உன் பொண்டாட்டியை எனக்குத் தெரியாது."

யாருக்கும் அவன் அதைச் சொன்னதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கடைசி வார்த்தை கொடுத்திருந்தான். அவள் அம்மாவுக்கு ஒன்று, தன் அப்பாவுக்கு ஒன்று, நாற்பதாம் நாள் விருந்துக்கு வந்த அவள் தோழிகளுக்கு ஒன்று. கேட்டவர்கள் அழுதார்கள், அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். நிஜமானது யாருக்கும் உதவாது என்றுதான் நினைத்திருந்தான்.

கதவைத் தாழிட்டான்.

"ஆபரேஷனுக்குத் தள்ளிட்டுப் போனாங்க. கதவு வரைக்கும் கூடப் போனேன். தலையைத் தூக்கிச் சொன்னா."

"என்னன்னு?"

"'சாம்பல் ஸ்வெட்டரை ஊறப் போட்டிருக்கேன். வெந்நீர்ல அலசித் தொலைக்காதே, சுருங்கிடும்.'"