பாறையைச் சுற்றிப் போன ரோடு

ஸ்கேல் வைத்துக் கோடு போடுவதில் எனக்கு நல்ல பெயர். கோடு எதன் மேல் போகிறது என்று பார்ப்பதில் அந்த அளவுக்கு இல்லை. 1985-இல் தர்மபுரி மாவட்டத்தில் ஜூனியர் இன்ஜினீயராகச் சேர்ந்த புதிதில், கடத்தூர் – பொம்மிடி சாலையிலிருந்து பாறைக்கொட்டாய் என்ற ஊருக்கு மூன்று கிலோமீட்டர் ரோடு போடும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

அளக்கப் போனது ஜூன் மாதம். ஊர் முனையில் கல்யாண மண்டபம் அளவுக்குத் தட்டையாக ஒரு பாறை. மேலே ஓர் ஆடு படுத்திருந்தது, வேறொன்றும் இல்லை. கருங்கல் அடுக்கி, ஜல்லி கொட்டி, ரோலர் விட்டு நான் செய்யவேண்டியதையெல்லாம் யாரோ முன்பே செய்து வைத்திருப்பதாகப் பட்டது. பாறையின் நடுவே கோட்டை இழுத்தேன். எங்கள் கோட்டப் பொறியாளர், நாங்கள் டி.இ. என்போம், வரைபடத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, “துப்பாக்கிக் குழல் மாதிரி இருக்குய்யா” என்றார். ஒரு வாரம் நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டே திரிந்தேன்.

மறு வருஷம் மார்ச்சில், பாறைக்குச் சற்று முன்புவரை தார் போட்டு முடித்து அங்கே வந்தால், பாறையைக் காணவில்லை. எங்கே பார்த்தாலும் புளி. பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுற்றுவட்டாரத்துப் புளியமரங்களைக் குத்தகை எடுத்து அவர்களுக்கு வேலை கொடுத்தவர் ஜான் பீ. நாற்பது வயது, கணவர் இல்லை, கம்பைநல்லூர் வரைக்கும் வியாபாரம். புளி முடிந்தால் ஊரே அந்தப் பாறையில்தான் ராகியும் கொள்ளும் அடிக்குமாம். ஜூனில் மட்டும்தான் அது சும்மா கிடக்குமாம். இதையெல்லாம் அளக்க வந்த அன்றைக்கே சொல்லக்கூடாதா என்று மேஸ்திரி காளியப்பனிடம் எரிந்து விழுந்தேன்.

“நீங்க கேக்கலீங்களே சார். ஆட்டை ஓட்டச் சொன்னீங்க, ஓட்டினேன்” என்றார்.

ஜான் பீ சண்டைக்கு வரவில்லை. அது இன்னும் சங்கடம். மண் தரையில் காயப்போட்டால் மண் ஒட்டும், மண்டிக்காரர் மூட்டையைத் திருப்பிவிடுவார், அடுத்த வருஷம் குத்தகையே எடுக்க முடியாது என்று நிதானமாகச் சொன்னார். என்னிடம் பதில் தயாராக இருந்தது. அரசாங்கம் மூன்று கிலோமீட்டருக்குக் கறுப்பாகப் பாறை போட்டுத் தருகிறதே, அதன் ஓரமாகக் காயப்போடுங்களேன் என்றேன். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் புத்தியைக் கண்டு அசந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு நாள் கழித்து மத்தியானச் சாப்பாட்டுக்கு ஜான் பீ கூப்பிட்டு அனுப்பினார். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. முதல் வாயிலேயே தார் டிரம்முக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. மரியாதைக்காக இரண்டாவது வாயும் சாப்பிட்டேன்.

“எப்படிங்க சார் இருக்குது?”

“கொஞ்சம் வாசனையா இருக்குதுங்க.”

“உங்க ரோட்டுல காஞ்ச புளிங்க. நீங்க சொன்னீங்களேன்னு ஒரு கூடை போட்டுப் பாத்தேன். வெயில்ல தார் இளகி ஒட்டிக்கிச்சு.” பேச்சில் கேலி இருந்தது. கரண்டியைக் கீழே வைத்தார். “வெளிய உக்காந்திருக்கற பன்னெண்டு பேருக்கும் நான் என்ன சொல்லட்டும்? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க.”

கையைக் கழுவிக்கொண்டு காளியப்பனைத் தேடிப் போனேன்.

அன்று சாயங்காலமே காளியப்பனும் நானும் சங்கிலி பிடித்துப் பாறையைச் சுற்றி அளந்தோம். வடக்கே புறம்போக்கு நிலம் இருந்தது. நாற்பது மீட்டர் கூடும், ஜல்லியும் கூடும். துப்பாக்கிக் குழல் அரிவாள் மாதிரி ஆகும். டி.இ.யிடம் சொல்ல வளைவின் அளவு, வண்டியின் வேகம், மழைநீர் வடிகால் என்று ஏழு காரணம் எழுதிக்கொண்டு போனேன். ஐந்தாவதில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அதெல்லாம் சரி. எதுக்குய்யா வளைக்கற?”

“ஜூன்ல ஒரு நாள் பாத்துட்டுக் கோடு போட்டுட்டேன் சார். பாறை சும்மா கிடக்குதுன்னு நெனச்சேன். அந்த ஊர் அது மேலதான் பொழைக்குது. தப்பு என்னுது.”

“அதை எழுது. மத்ததை அடிச்சிடு.”

எழுதினேன். அத்தனை கோணலாக நான் அதற்கு முன் எழுதியதில்லை. வளைவுக்கு அனுமதியும், என்னிடம் விளக்கம் கேட்டு மெமோவும் ஒரே தபாலில் வந்தன.

அடுத்த புளி சீசனில் அந்த ரோட்டில் டவுன் பஸ் விட்டார்கள். ஒரு நாள் நானும் ஏறினேன். பாறை வந்ததும் டிரைவர் ஸ்டீயரிங்கை ஒடித்துக்கொண்டே, நேராகப் போகிற ரோட்டை எந்த மடையன் இப்படி வளைத்தான் என்று எல்லாருக்கும் கேட்கும்படி திட்டினார். குடித்துவிட்டு அளந்திருப்பான் என்றார் பக்கத்து சீட்காரர். இருக்கும் என்று நானும் தலையாட்டி வைத்தேன். ஜன்னலுக்கு வெளியே பாறை முழுக்கப் புளி. ஜான் பீ யாரிடமோ கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார், பஸ்ஸைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கண்டக்டரிடம் விசாரித்தேன். ஒரு நாளைக்கு ஆறு நடையாம். ஆறு நடைக்கும் டிரைவர் திட்டுவாராம்.